பழைய கஞ்சா கேஸ் இருந்தால் விசா விண்ணப்பிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு, கோர்ட்டில் ஃபைன் கட்டி, அதன்பிறகு வீட்டில் யாரும் வாயெடுக்காத ஒரு கேஸ் உங்கள் குடும்பத்தில் இருக்கிறதா? அந்தப் பிள்ளை இப்போது வெளிநாடு போக விண்ணப்பிக்கப் போகிறாரா? அப்படியென்றால் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா மகனுக்காகக் கடலூர், புதுச்சேரி, சென்னை என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை. நான் வக்கீல் இல்லை. கட்டணங்களும் விதிகளும் மாறும் என்பதால், பணம் கட்டும் அன்று அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைதான் இதில் எல்லாம். கோர்ட் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் விசா படிவத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. கன்சல்டன்சியில் உட்காரும் பையன் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிட்டு அனுப்பிவிடுகிறான். காகிதம் தேடுவது அதற்குப் பிறகுதான். அப்போது தேடிப் பயனில்லை.

1. கேஸ் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று பாருங்கள்

‘போதை கேஸ்’ என்று வீட்டில் சொல்வதை நம்பாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் சட்டத்தின் பெயரும் பிரிவும் இருக்கும், அதைப் பாருங்கள். நம் பக்கத்தில் இது மிக முக்கியம். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டி நாலு பாட்டில் கொண்டுவந்து சோதனைச் சாவடியில் மாட்டியவர்கள் கடலூரில் ஏராளம். அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. கஞ்சா, மாத்திரை, ஹெராயின் போன்றவை என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் சட்டம், 1985. இரண்டுக்கும் விசா அதிகாரி பார்க்கும் பார்வையே வேறு. அமெரிக்கச் சட்டத்தின் ‘கட்டுப்படுத்தப்பட்ட பொருள்’ பட்டியலில் சாராயமும் ஒயினும் பீரும் இல்லை. எனவே பாட்டில் கேஸ் என்பது போதைப்பொருள் கேஸ் ஆகாது. ஆனால் கைது நடந்திருந்தால் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ் இன்னொரு வகை. கடந்த 5 ஆண்டுகளுக்குள் அப்படி ஒரு கைது இருந்தால், அமெரிக்கத் தூதரகம் தன் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பும். அதற்கான நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்.டி.பி.எஸ். கேஸ் என்றால் பிரிவைக் கவனியுங்கள். கஞ்சா வைத்திருந்தது என்றால் பிரிவு 20, பயன்படுத்தியது என்றால் பிரிவு 27. கஞ்சாவில் 1 கிலோ வரை ‘சிறிய அளவு’, அதற்குத் தண்டனை அதிகபட்சம் 1 ஆண்டுச் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’. இடைப்பட்ட அளவோ வணிக அளவோ என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக வக்கீலிடம் போங்கள்.

2. கேஸ் எப்படி முடிந்தது?

“ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுபோச்சு” என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். இங்கே முடிந்துதான் போகிறது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி அபராதம் விதித்திருந்தால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்பு. ஜெயிலுக்குப் போகவில்லை என்பதும், அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதும் கணக்கில் வராது. நன்னடத்தை என்று எச்சரித்து விட்டிருந்தாலும், ஒப்புதலும் ஏதோ ஒரு கட்டுப்பாடும் இருந்தால் அதே கதிதான்.

விசாரணைக்குப் பின் விடுதலை, உயர் நீதிமன்றத்தில் கேஸ் ரத்து, குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகவில்லை: இவை தண்டனை ஆகாது. ஆனால் கைது கைதுதான். பிடிபட்டபோது வயது 18க்குக் கீழ் இருந்து, சிறார் நீதி வாரியத்தில் முடிந்திருந்தால் அதுவும் அமெரிக்கக் கணக்கில் தண்டனை இல்லை. அந்த ஆணையின் நகல் மட்டும் கையில் இருக்கட்டும்.

கேஸ் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்றால் விசாவைத் தள்ளிவைத்து முதலில் அதை முடிக்கப் பாருங்கள். அவசரப்பட்டு ‘ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளூரில் அது சுலபமான வழி. விசாவுக்கு அதைவிட மோசமான வழி கிடையாது. உங்கள் வக்கீலிடம் ‘வெளிநாடு போகும் எண்ணம் இருக்கிறது’ என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் அவர் அதை யோசிக்கப் போவதில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் அழைத்து, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச உதவிக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள்.

3. கோர்ட்டில் சான்றிட்ட நகல் எடுப்பது

அதிக நேரம் தின்னும் படி இதுதான். முதலில் கேஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம், அல்லது காவல் நிலையத்தின் பெயர், எஃப்.ஐ.ஆர். எண் கொண்டு தேடலாம். 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண், அதாவது வழக்கின் தனி அடையாள எண், கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பழைய கேஸ்கள் தளத்தில் ஏறியிருக்காது. அப்போது காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

எந்தக் கோர்ட்? மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள என்.டி.பி.எஸ். கேஸ்கள்தான் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். சிறிய அளவு கேஸ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், அதாவது நாம் ஜே.எம். கோர்ட் என்று சொல்லும் இடத்தில் நடந்திருக்கலாம். நம் ஊர்க்காரர் புதுச்சேரி எல்லைக்குள் பிடிபட்டிருந்தால் கேஸ் புதுச்சேரி கோர்ட்டில்தான் இருக்கும், கடலூரில் தேடாதீர்கள். ஊர் பக்கம்தான், நிர்வாகம் வேறு.

நகல் மனுவைச் சம்பந்தப்பட்டவரே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுத்து, பக்கக் கணக்குப்படி கட்டணம் கட்ட வேண்டும். அரசுக்குக் கட்டுவது பெரிய தொகை இல்லை, நேரம்தான் போகும். வேலைநாளில் அலைய முடியாது என்று வக்கீல் குமாஸ்தாவிடம் விட்டால், கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை:

எஃப்.ஐ.ஆர். நகல்.
குற்றப்பத்திரிகை.
பறிமுதல் மகஜர், அதாவது பிடித்த பொருளையும் எடையையும் எழுதிய காகிதம்.
ரசாயனப் பரிசோதனை அறிக்கை, இருந்தால்.
தீர்ப்பு அல்லது இறுதி ஆணை.
அபராதம் கட்டிய ரசீது, அல்லது கட்டியதாகக் கோர்ட் பதிவு.

தீர்ப்பு மட்டும் போதும் என்று பலர் சொல்வார்கள், போதாது. மகஜரில்தான் எடை இருக்கும். நம் சட்டத்தில் ‘சிறிய அளவு’ 1 கிலோ வரை நீளுகிறது. அமெரிக்கக் குடியேற்ற விசாவில் விலக்கு கேட்க முடிகிற ஒரே நிலை, 30 கிராமுக்கு மிகாத கஞ்சாவைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஒரே ஒரு குற்றம். 25 கிராமா, 250 கிராமா என்பதை ‘சிறிய அளவு’ என்ற சொல் காட்டிக்கொடுக்காது, மகஜர் காட்டும்.

பழைய ஆவணங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் கோர்ட் அழித்துவிடுவது வழக்கம்தான். அப்படி ஆகியிருந்தால் வாய்வார்த்தையாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். ‘ஆவணம் கிடைப்பில் இல்லை’ என்று எழுத்தில் வாங்குங்கள், அல்லது உங்கள் நகல் மனுவின் மேலேயே அப்படி எழுதித் திருப்பித் தரச் சொல்லுங்கள். முத்திரையோடு இருக்க வேண்டும்.

தமிழில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கீழே மொழிபெயர்ப்பாளர் தன் பெயர், முகவரி, இரு மொழியும் தெரியும் என்ற உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் போட வேண்டும். வழக்கின் சட்டப் பெயரும் பிரிவு எண்ணும் மூலத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை ஒப்பிடுங்கள். பாட்டில் கேஸைப் போதைப்பொருள் கேஸாக மாற்றி எழுதிய மொழிபெயர்ப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசுச் சான்று முத்திரை) செய்தால்தான் ஏற்பார்கள்’ என்று ஏஜென்ட் பணம் கேட்டால், தூதரகம் அப்படி எங்கே கேட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அமெரிக்க மாணவர், சுற்றுலா விசா நேர்காணலுக்குச் சான்றிட்ட நகலும் மொழிபெயர்ப்பும் போதும்.

4. பாஸ்போர்ட்டும் பி.சி.சி.யும்

கோர்ட்டில் கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஆனால் வழி அடைபடவில்லை. கேஸ் நடக்கும் கோர்ட்டில் மனுப் போட்டு வெளிநாடு செல்ல அனுமதி ஆணை வாங்கினால், அந்த ஆணையில் சொன்ன காலத்துக்கு, காலம் சொல்லாவிட்டால் ஓராண்டுக்கு பாஸ்போர்ட் தருவார்கள். 1993ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றின்படி இது நடக்கிறது. மனுவிலேயே காலத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஓராண்டு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டாண்டுப் படிப்புக்கு விசா கேட்பது திண்டாட்டம்.

கட்டணம்: 36 பக்க பாஸ்போர்ட் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் சான்றான பி.சி.சி. 500 ரூபாய். வெளிநாட்டுக்கான பி.சி.சி. பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்குவதுதான். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் வேலைக்காக எடுக்கும் சரிபார்ப்பு அறிக்கை வேறு, இதற்கு மாற்றாகாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கேஸ் புதுச்சேரியில், வீடு கடலூரில் என்றால், கடலூர்க் காவல் நிலையம் விசாரித்துச் சுத்தமான பி.சி.சி. வந்துவிடலாம். உடனே ‘நம் பெயரில் ஒன்றுமே இல்லை’ என்று மகிழ்ந்து படிவத்தில் ‘இல்லை’ போடுகிறார்கள். பி.சி.சி. சொல்வது அந்த நிலையத்தின் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதை. விசா படிவம் கேட்பது உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது என்ன நடந்தது என்பதை. சுத்தமான பி.சி.சி. கையில் இருந்தாலும் பதில் ‘ஆம்’தான்.

5. எந்த நாடு எப்படிப் பார்க்கிறது

அமெரிக்காதான் மிகக் கடுமை. போதைப்பொருள் சட்டத்தை மீறியதற்கான தண்டனை ஒன்று இருந்தாலே நுழைவுத் தகுதி போய்விடும். சிறு குற்றங்களுக்கு மற்ற வகைகளில் கிடைக்கும் விதிவிலக்கு இதில் கிடையாது, இத்தனை ஆண்டு ஆனால் தானாகத் தீரும் என்ற கணக்கும் கிடையாது. தண்டனையே இல்லாமலும் சிக்கலாம். அதிகாரியின் முன் பிரமாணத்தோடு குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டால் அதுவே போதும். கடத்தலில் பங்கு இருந்ததாக நம்ப நியாயமான காரணம் அதிகாரிக்கு இருந்தாலும் போதும், தீர்ப்பு தேவையில்லை. கலிஃபோர்னியாவில் கடையில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள்தான், விசாவும் மத்திய சட்டம். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளும் இதை மனதில் வைக்க வேண்டும். 30 கிராம் வரை ஒருமுறை சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் நாடு கடத்தலிலிருந்து தப்பலாம். ஆனால் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பப் போகும்போது மறுபடி நுழைவுக் கேள்வி எழும், அங்கே அந்தச் சலுகை இல்லை.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா சட்டபூர்வம். அதனால் கேஸை மறைக்கலாம் என்று அர்த்தமில்லை. கைது, குற்றச்சாட்டு, தண்டனை எல்லாவற்றையும் படிவம் கேட்கும். பொய் சொன்னால் 5 ஆண்டுத் தடை. தண்டனை முழுதும் முடிந்து 5 ஆண்டு ஆனவர்கள் ‘மறுவாழ்வு’ விண்ணப்பம், அதாவது பழைய தண்டனையை இனித் தடையாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்கும் மனு, போட முடியும். எல்லையில் ஒரு கிராம்கூடக் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது.

பிரிட்டனில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் கட்டாய மறுப்பு. பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டு வரை தடை.

6. படிவம் நிரப்பும் நாள்

அமெரிக்கத் தற்காலிக விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தின் பாதுகாப்புப் பகுதியில் மூன்று கேள்விகள் நமக்கானவை. எப்போதாவது கைது அல்லது தண்டனை உண்டா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சரி. போதைப்பொருள் சட்டத்தை எப்போதாவது மீறியதுண்டா. போதைக்கு அடிமையாக இருந்ததுண்டா. ‘ஆம்’ என்று குறித்தால் விளக்கப் பெட்டி திறக்கும். அதில் கதை வேண்டாம். தேதி, இடம், சட்டப் பிரிவு, பொருள், எடை, கோர்ட், முடிவு, அவ்வளவுதான். எல்லாமே கையில் உள்ள சான்றிட்ட நகலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

‘ஆம்’ போட்டால் மறுப்பு வரக்கூடும், உண்மைதான். ‘இல்லை’ போட்டுப் பிடிபட்டால் போதைப்பொருள் பிரிவோடு பொய்த் தகவல் பிரிவும் சேரும், அது ஆயுள் முழுக்கத் தொடரும் தடை. இரண்டு பூட்டுக்கு இரண்டு சாவி தேட வேண்டிவரும்.

கன்சல்டன்சி நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் திரையில் நீங்களே படியுங்கள். அவர்கள் விசா ஏஜென்ட்கள், வக்கீல்கள் இல்லை. போதைப்பொருள் கேஸ் இருந்தால் அமெரிக்கக் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் இணையம் வழியாக ஒரு மணிநேரம் பேசுவதற்கான கட்டணத்தைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேருங்கள். எங்கள் செலவில் உருப்படியானது அதுதான்.

இன்னொன்று, கடந்த 5 ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் கேட்கிறது. மாணவர் விசாவுக்கு 2025 ஜூன் முதல் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். ஆரோவில் பக்கம் புகை விட்டுக்கொண்டு எடுத்த படத்தை அதிகாரியும் பார்ப்பார்.

7. நேர்காணலும் அதற்குப் பிறகும்

கோர்ட் காகிதங்களைத் தனிக் கோப்பில், மேலே ஒரு பக்கச் சுருக்கத்தோடு கொண்டுபோங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காத பழைய விருந்துகளைப் பற்றி நீங்களாகப் பேச வேண்டாம், கேட்டால் பொய்யும் வேண்டாம்.

முடிவில் தரும் தாளை அங்கேயே படியுங்கள். 221(ஜி) என்றால் இன்னும் ஆவணமோ பரிசீலனையோ தேவை என்று பொருள். 214(பி) என்றால் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லை, கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. 212(ஏ)(2) என்றால்தான் கேஸ் காரணம். அப்போது தற்காலிக விசாவுக்கு 212(டி)(3) விலக்குக்குப் பரிந்துரைக்க முடியுமா என்று அதிகாரியிடம் பணிவாகக் கேளுங்கள். பலர் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். குற்றத்தின் தீவிரம், உங்களை அனுமதித்தால் வரக்கூடிய ஆபத்து, நீங்கள் போக விரும்பும் காரணம் ஆகிய மூன்றையும் எடை போட்டு அமெரிக்க எல்லைத் துறை முடிவு செய்யும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கேஸுக்குப் பின் முடித்த படிப்பு, வேலைச் சான்று, சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவரின் கடிதம், இவை அந்த நேரத்தில் உதவும்.

8. வளைகுடா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

இங்கே பழைய கேஸை மட்டும் பார்த்தால் போதாது, பெட்டியிலும் ஆபத்து இருக்கிறது. ஜிப்மரிலோ தனியார் மருத்துவமனையிலோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம், குளோனசெபம், வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாமே பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. டிரமடால் 2018 முதல் இந்தியாவிலேயே என்.டி.பி.எஸ். பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனைச் சீட்டின் கிறுக்கல் போதாது. மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு, என்ன நோய் என்று தலைப்புத் தாளில், முத்திரையோடு, ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். சிங்கப்பூருக்கு இத்தகைய மருந்து கொண்டுபோக, அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் குறைந்தது 10 வேலைநாள் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். அமீரகத்துக்கும் இணையத்தில் முன் அனுமதி உண்டு. மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடே கொண்டுபோங்கள்.

கசகசா வேண்டவே வேண்டாம். அமீரகம், சவூதியில் அது தடைப்பட்ட பொருள். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியிலும் அது இருக்கும், கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வேப் கருவியைச் சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். ‘குவைத்தில் இருக்கிற மச்சானுக்கு இதை மட்டும் கொடுத்துடுங்க’ என்று விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் ஒட்டிய பார்சல் யாருடையதாக இருந்தாலும் பிரித்துப் பாருங்கள். பிரிக்க விடாதவர் பார்சல் வீட்டிலேயே இருக்கட்டும். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கொண்டுபோனால் மரண தண்டனை.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு 3 நாளுக்குள் அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் என்றால் அது வேறு யாரோ.

9. செலவும் காலமும்

அமெரிக்க மாணவர் விசாவுக்கு மட்டும்: விசா கட்டணம் 185 டாலர், செவிஸ் எனும் மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். விசா மறுத்தாலும் 185 டாலர் திரும்பாது. கனடா படிப்பு அனுமதி 150 கனடா டாலர், கைரேகைக்கு 85. இவற்றோடு நகல், மொழிபெயர்ப்பு, பி.சி.சி., வக்கீல் ஆலோசனை, சென்னைக்குப் பஸ் செலவு.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது என்றால் முந்தைய ஆண்டு தீபாவளிக்கு முன்பே நகல் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். பொங்கலுக்குள் மொழிபெயர்ப்பு, வக்கீல் ஆலோசனை. கல்லூரியின் அனுமதிக் கடிதம் வந்த வாரமே நேர்காணல் தேதி எடுங்கள். விலக்குக்குப் போகும் நிலை வந்தால் அந்த ஆகஸ்ட் கிடைக்காது, ஜனவரிக்கோ அடுத்த ஆகஸ்டுக்கோ சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரியிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். கல்விக் கடனுக்கு வங்கியில் கையெழுத்துப் போடுவதும், வேலையை ராஜினாமா செய்வதும், டிக்கெட் போடுவதும் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த பிறகு.